வெள்ளைக் கட்டம் எண்பத்தெட்டு

சாருலதா மேடம் முதல் நாள் காலையில் மட்டும் என்னை ஏழு தடவை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சென்னைப் பிள்ளை, இருபத்தேழு வயசு, கடல் அறிவியலில் டாக்டர் பட்டம். எனக்கு நாற்பது வயசு, இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோன பூகோளப் படிப்பு, சேலையில் மீன் வாடை. இப்படி ஒருத்தியிடம் அவள் இவ்வளவு தேனாகப் பேசினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் என் புத்திக்குப் பட்டது. என் புத்தி அப்படித்தான். சந்தேகம் எனக்கு உடம்போடு பிறந்தது, கேட்டியளா.

பயிற்சியும் சந்தேகப்படும்படிதான் இருந்தது. கணினியில் கடல் வரைபடம் போட, அதை அலசிப் பார்க்கச் சொல்லித் தருகிறார்களாம். ஆறு மாசம், கடற்கரைப் பெண்களுக்கு மட்டும். மடிக்கணினி இலவசம், பஸ் இலவசம், மத்தியானம் சோறும் நெய்மீன் குழம்பும் இலவசம். நாகர்கோவிலில் ஏசி போட்ட ஹால். எங்கள் கடற்கரை ஊர் செபஸ்தியார்துறையிலிருந்து நான் ஒருத்தி, மற்றத் துறைகளிலிருந்து பதின்மூன்று பேர்.

“எதுக்கு எங்களத் தேடிப் பிடிச்சு இம்புட்டும் செய்யுதிய?” என்று நேராகவே கேட்டேன்.

“கடலை வரைபடத்துல பாக்க நாங்க சொல்லித் தர்றோம்க்கா. வரைபடத்துல தெரியாததை நீங்க எங்களுக்குச் சொல்லித் தரப்போறீங்க” என்றாள் சாருலதா. எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

கடலைப் பங்கு போடுகிற மெஷினைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்கு அரசாங்கம் வைத்த பேர் ஒரு முழ நீளம். எங்கள் ஆட்கள் வைத்த பேர் பங்குக்காரன். நாலு வருஷம் முன்னால் கடலைச் சதுரம் சதுரமாக, கட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வீதம் கோடு போட்டார்கள். ஒவ்வொரு மீன்பிடி வள்ளத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். வள்ளம் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அது வானத்துக்குச் சொல்லும். மாட்டுக்குப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு விடாததால் அதற்கு உண்ணி என்று பேர். மூன்று வருஷம் எந்த வள்ளமும் நிற்காத கட்டம் வரைபடத்தில் வெள்ளையாகிவிடும். வெள்ளை என்றால் யாருக்கும் வேண்டாத கடல். அதை மணல் அள்ளுகிறவனுக்கோ குழாய் பதிக்கிறவனுக்கோ பங்குக்காரன் தானாகவே ஒதுக்கிவிடுவான். கையெழுத்துப் போடும் அதிகாரி என்று யாரும் கிடையாது. இருந்தால் அவர் ஆபீஸ் வாசலில் போய் நின்று கத்தவாவது செய்யலாம்.

பயிற்சி தந்ததும் அந்த மெஷினைச் செய்தவர்கள்தான். நான் அதில் சேர்ந்ததே மெஷினை வேவு பார்க்கத்தான். எதிரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே வீட்டை அளப்போம் என்று நினைத்தேன்.

பொய் சொல்லக் கூடாது, அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. முதல் மாசம் அடுக்குப் பாடம். கடலின் ஆழம் ஒரு தாள், தண்ணீரின் சூடு ஒரு தாள், அடித்தரை மணலா பாறையா என்பது ஒரு தாள், வள்ளங்கள் போன தடம் ஒரு தாள். எல்லாவற்றையும் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் சொல்லாத தாள்கள், சேர்த்து வைத்தால் பேச ஆரம்பிக்கும். வள்ளங்கள் அதிகம் நின்ற இடம் சிவப்பு, குறைவாக நின்றது மஞ்சள், நிற்காதது வெள்ளை. பஸ்ஸில் வரும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கின நாளும் உண்டு.

இரண்டாம் மாசம் பயிற்சிக்கென்று உண்மையான வள்ளங்களின் தடத்தைக் கொடுத்தாள். “பேர், ஊர் எல்லாம் எடுத்தாச்சுக்கா. வெறும் நம்பர்தான். யாரோட வள்ளம்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது” என்றாள்.

மூவாயிரத்து நூற்றுப் பதினேழாம் நம்பரை நான் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வள்ளம் தினமும் கரையை விட்டு முந்நூறு மீட்டர் மேற்கே போகும். இரண்டு நிமிஷம் நிற்கும். பிறகுதான் ஆழத்துக்குத் திரும்பும். அது நிற்கிற இடத்துக்கு நேரே கரையில் என்ன இருக்கிறது? எங்கள் ஊர்க் கல்லறைத்தோட்டம். என் மாமியார் அங்கேதான் கிடக்கிறாள். என்னைக் கட்டின மாப்பிள்ளை கிளீட்டஸ், பெற்ற அம்மைக்கு நேரே வள்ளத்தை நிறுத்தி, நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுத்தான் தொழிலுக்குப் போவார். பேரை எடுத்துவிட்டார்களாம்! பேரை எடுத்தால் ஆள் மறைந்துபோவானா?

சிரித்துக்கொண்டே அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்தேன். பதினான்காவது கிலோமீட்டரில் தடம் அறுந்துபோயிற்று. நாலு மணி நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு வேறொரு பக்கத்திலிருந்து திடீரென்று தலை நீட்டி, கரைக்கு வந்தது. அடுத்த நாளைப் பார்த்தேன். அப்படியே. வாரத்துக்கு மூன்று நாள், நாலு வருஷமாக அப்படியே.

ஒரு மனுஷன் நாலு மணி நேரம் கடலில் யார் கண்ணிலும் படாமல் என்ன செய்வான்? டீசலா, கஞ்சாவா? அவரோடு வள்ளத்தில் போகிறது ஒரே ஒருத்தர்தான், சூசை அண்ணன். என் சித்தப்பா மகன். அவர்கள் இரண்டு பேர் மட்டும் போகிற சின்ன வள்ளம் அது. அப்படியானால் அண்ணனும் இதில் கூட்டா?

அன்றைக்குச் சாயங்காலம் என் மாப்பிள்ளை முற்றத்தில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றுக்குச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பதினாலு கிலோமீட்டர் தாண்டி நீரு எங்க போறீரு?”

கயிறு அப்படியே நின்றது. “யாரு சொன்னது?”

“உண்ணி சொல்லிச்சு. நாலு மணிக்கூறு ஆளக் காணல்ல. உண்மையச் சொல்லும், கடத்தலா?”

அவர் என்னை முறைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் கயிற்றைப் பிடுங்கி எறிந்தேன்.

“எடி கோட்டி, அது பாருடி. ஒரு பாரு கெடக்கு” என்றார் மெதுவாக. பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. மீன் கூடு கட்டிக் கிடக்கிற இடம். “கலவா மீனு முட்டி மோதுகு. நானும் சூசையும் கண்டுபிடிச்சது. அங்க போவும்ப உண்ணி மேல அலுமினியச் சருவப்பானயக் கவுத்துருவோம். பிறகு அது வாயத் தெறக்காது.”

பாரை எப்படித் திரும்பக் கண்டுபிடிப்பார்கள் என்பது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். கரையில் உயரமாகத் தெரிகிற இரண்டு அடையாளங்களை, ஒரு கோவில் கோபுரமும் ஒரு மலை உச்சியும் என்று வையுங்கள், ஒரே கோட்டில் கொண்டுவருவார்கள். வேறு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். இதற்குக் கணிச்சம் என்று பேர். எந்த நாலு அடையாளம் என்பதை மட்டும் எவனும் சொல்லமாட்டான். தாலி கட்டினவளுக்கும் சொல்ல மாட்டான். யாராவது வள்ளத்தின் பின்னாலேயே வந்தால் வேறு பக்கம் போய்ச் சும்மா தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பான். அந்தப் புத்திதான் உண்ணிக்கும் சருவம் கவிழ்த்தியது.

“உனக்க மேடத்துக்கிட்ட இத சொன்னியோ, பிறகு இந்த வீட்டுல உனக்கும் எனக்கும் பேச்சில்ல” என்றார். கடத்தல் இல்லை என்ற நிம்மதியில் நான் தலையாட்டினேன். அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகவே சுட்டேன்.

அந்த நிம்மதி மூன்று வாரம்கூட நிற்கவில்லை. புதிதாக ஒதுக்கப்போகிற வெள்ளைக் கட்டங்களைச் சாருலதா திரையில் போட்டுக் காட்டினாள். எண்பத்தெட்டாம் கட்டம் ஒரு மணல் கம்பெனிக்கு. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் ஆதாரத்தோடு சொல்லலாம். மூவாயிரத்து நூற்றுப் பதினேழின் தடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். தடம் அறுகிற இடமும் திரும்ப முளைக்கிற இடமும் அந்தக் கட்டத்தைச் சுற்றியேதான் இருந்தன. கட்டம் மட்டும் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. அடித்தரைத் தாளிலும் வெறும் மணல் என்றுதான் போட்டிருந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு இடம் என்று அளந்தவனுக்குப் பார் எங்கே அகப்படும்?

பாவி மனுஷன்! மீனை மறைக்கிறேன் என்று கடலையே மறைத்துவிட்டார். எந்த இடத்தைக் கண்ணுக்குக் கண்ணாகக் காத்தாரோ, அந்த இடம்தான் யாருக்கும் வேண்டாத இடம் என்று எழுதப்பட்டுவிட்டது.

வீட்டுக்குப் போனபோது சூசை அண்ணனும் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேர் முகமும் வெளுத்துவிட்டது. பார் எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை. முகமே சொல்லிவிட்டது.

“மச்சான், பேசாம இடத்தச் சொல்லிருவோம்” என்றார் சூசை அண்ணன். “மணல் அள்ளினா கலங்கல் வந்து பாரு மூடிப்போவும். பிறகு ஆருக்கும் இல்லாம ஆயிரும்.”

“சொன்னா மட்டும் நமக்கு மிச்சம் இருக்குமால?” என்று என் மாப்பிள்ளை எகிறினார். “நாளைக்கே பெரிய போட்டுக்காரன் வந்து வழிச்சு வாரிட்டுப் போவான். சருவம் கவுத்தினதுக்கு நம்ம லைசன்சையும் பிடுங்குவானுவ. வாயத் தெறக்காத. அந்தோணியாரு பாத்துப்பாரு.”

“அந்தோணியாருக்குக் கட்டம் போட்ட கடலு தெரியுமா?” என்று கேட்டேன். எனக்கு நல்ல திட்டு கிடைத்தது.

கடலில் கிடக்கிற அந்தப் பாரைத் தவிர எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? மூத்தவள் நர்சிங் படிப்பது அந்தக் கலவாயில். எங்கள் கூரை மேல் காங்கிரீட் ஏறினது அந்தக் கலவாயில். பார் போனால் நாங்களும் போனோம். ஆகவே நானே ஒரு வழி பண்ணுவது என்று உட்கார்ந்தேன். இவர் வாயைத் திறக்கவேண்டாம். இவர் மறைத்ததே சாட்சி சொல்லட்டும்.

தடம் அறுந்த இடம் எனக்குத் தெரியும். திரும்ப முளைத்த இடம் தெரியும். நடுவே எத்தனை நேரம் என்று தெரியும். வள்ளத்தின் வேகமும் தெரியும். அந்த நேரத்துக்குள் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ, அவ்வளவுக்கு ஒரு வட்டம் போட்டேன். நாலு மணி நேரத்துக்கு வட்டம் பெரிசு, அதனால் பிரயோசனம் இல்லை. ஆனால் கடல் மோசமான நாட்களில் இவர் அரை மணி நேரத்திலேயே திரும்பியிருக்கிறார். அன்றைக்கெல்லாம் வட்டம் சின்னது. ஒரு நாள் கிழக்கேயிருந்து போயிருக்கிறார், ஒரு நாள் தெற்கேயிருந்து. நாலு வருஷத்து வட்டங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். எல்லா வட்டமும் பொதுவாகத் தொடுகிற இடம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் எங்கள் பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு வந்து நின்றது. எண்பத்தெட்டாம் கட்டத்துக்குள்ளே, வடமேற்கு மூலையில்.

உடம்பெல்லாம் புல்லரித்தது எனக்கு. கடலில் கால் வைக்காத நான் பாரைக் கண்டுபிடித்துவிட்டேன்.

விளையாட்டாக மற்ற நம்பர்களையும் போட்டுப் பார்த்தேன். ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! கடற்கரை முழுக்க எல்லாவனும் சருவம் கவிழ்த்தியிருக்கிறான். ஒவ்வொரு துறையிலும் தடம் அறுகிறது, முளைக்கிறது. எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டு ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். வெள்ளைக் கட்டத்தில் முக்கால்வாசி வெள்ளையே இல்லை.

சாருலதா என் மடிக்கணினியை அரை மணி நேரம் அலசிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

“தரவுல ஓட்டைன்னு நெனச்சோம்க்கா. கருவிதான் சரியில்லைன்னு மாத்திக்கிட்டே இருந்தோம். இது ஓட்டை இல்ல, மௌனம். இல்லையா?”

“இந்த இடம் வெளிய போவாதே? அத முதல்ல சொல்லு.”

“உங்க பாயிண்டை யாருக்கும் தரமாட்டேன். கட்டம் பயன்பாட்டுல இருக்குன்னு மட்டும்தான் ஆட்சேபத்துல போகும். பேர், நம்பர் எதுவும் போகாது. சத்தியம்க்கா.”

மூன்று தடவை சத்தியம் வாங்கினேன். எழுதியும் வாங்கினேன். பிறகு அவள், “இந்த முறையை மட்டும் படிப்படியா எழுதிக் குடுங்க. மத்தத் துறைங்களோட கட்டத்தையும் காப்பாத்தலாம். உங்க பேர்லயே போடலாம்” என்றாள். என் பேரிலேயே! இரண்டாம் வருஷத்தோடு படிப்பு நின்றவள் பேரில்! சந்தேகமெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், என் கையாலேயே.

இருபத்தாறாம் நாள் எண்பத்தெட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. என் மாப்பிள்ளை அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார், ஒரு கட்டு முழுசாக. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சில்லை என்றிருந்தாரே, அந்தப் பயம்தான். சந்தோஷமாக இருக்கிற மனுஷனை எதற்குக் கலக்க வேண்டும் என்றும் இருந்தது.

அதற்கப்புறம் ஒன்றரை மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கெல்லாம் வள்ளம் திரும்பி வந்தது, ஒரு மீன்கூட இல்லாமல். கரையில் நின்ற ஜனம் முழுக்கப் பார்க்க, என் மாப்பிள்ளை சூசை அண்ணனின் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினார்.

“எவ்வளவுலே வாங்கின? சொல்லு!”

“மச்சான், அம்மையாண, நான் ஆருகிட்டயும் சொல்லல்ல.”

“பின்ன எப்படிலே மூணு மீன்பிடிக் கப்பலு நூலு பிடிச்ச மாதிரி பாரு மேல வந்து நிக்கும்? கணிச்சம் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மூணாவது ஆளு உண்டா? அன்னைக்கே சொல்லிருவோம், சொல்லிருவோம்னு நின்னவன் நீதான!”

சூசை அண்ணன் மணலில் உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயசு மனுஷன். யாரும் பக்கத்தில் போகவில்லை. மத்தியானத்துக்குள் மற்றத் துறைகளிலிருந்தும் செய்தி வந்தது. அங்கேயும் பார்களின் மேல் கப்பல். அங்கேயும் கூட்டாளி கூட்டாளியை அடிக்கிறான். ஒரு துறையில் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து.

எனக்குப் புரிந்துவிட்டது. பஸ் பிடித்து நாகர்கோவிலுக்குப் போனேன். சாருலதா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“உங்க பாயிண்டை நான் குடுக்கலைக்கா. யாருமே குடுக்கல.”

“பிறகு?”

“உங்க முறையை மெஷின் கத்துக்கிச்சு. எங்கெல்லாம் வள்ளம் மௌனமாகுதோ, அங்கெல்லாம் வட்டம் போட்டுப் பாத்துருச்சு. அறுபத்தோரு இடம். அதிக மீன் கிடைக்கிற இடம்னு தனிப் பட்டியல் போட்டுருச்சு. அது பொதுப் பட்டியல், யார் வேணும்னாலும் பாக்கலாம்.”

“இப்படி ஆவும்னு உனக்குத் தெரியும்.”

அவள் மேஜையைப் பார்த்தாள். “இதுக்கு முன்னாடி அஞ்சு பேட்ச்சுக்கும் இதே பயிற்சிதான் குடுத்தோம். அந்த ஓட்டை ஏன்னு மெஷினுக்குப் புரியல. உங்க ஆளுங்க யாராவதுதான் சொல்ல முடியும்னு மேலிடத்துல சொன்னாங்க. கப்பல் வரும்னு எனக்குச் சொல்லலக்கா. நான் கேட்கவும் இல்ல.”

அவளை அறைய வேண்டும் என்றிருந்தது. ஆனால் பதினோரு பக்கத்தில் ஒரு வரியாவது அவள் எழுதியிருந்தால்தானே?

வீட்டுக்கு வந்தேன். பேச்சில்லை என்றாலும் சரி, அடித்தாலும் சரி, சூசை அண்ணன் மேல் பழி நிற்கக் கூடாது. மடிக்கணினியை என் மாப்பிள்ளை முன்னால் வைத்தேன்.

“சூசை அண்ணன் ஒண்ணும் செய்யல்ல. நான்தான். இஞ்ச பாரும்.”

எல்லாவற்றையும் சொன்னேன். தடம் அறுகிற இடம், வள்ளத்தின் வேகம், அரை மணி நேரத்து வட்டம். ஒவ்வொரு வட்டமாகப் போட்டுக் காட்டினேன். இடம் சுருங்கிச் சுருங்கி வடமேற்கு மூலையில் நின்றது. அவர் விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டார்.

“அச்சு அசல் அதே இடம்” என்றார். “நீ ஒரு நாளாவது கடலுக்கு வந்திருக்கியா?”

“இல்ல.”

“கணிச்சம் தெரியுமா?”

“தெரியாது. அதத்தான் சொல்லுகேன், கணிச்சம் தெரியாண்டாம், இந்த வட்டம் போட்டாலே...”

“பத்து வருஷம் நானும் அவனும் கடல்ல கெடந்து கண்டுபிடிச்ச இடம். நீ ஏசி ரூமுல உக்காந்து வட்டம் போட்டுக் கண்டுபிடிச்சியா?” அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “சூசை உனக்குச் சொல்லித் தந்தான். நீ படத்துல குறிச்சு மேடத்துக்கிட்டக் குடுத்த. இப்பம் அண்ணனக் காப்பாத்தப் பழியத் தலையில எடுத்துப் போடுக.”

“ஐயோ, இல்லீரே! இன்னொரு தடவ பாரும். வேற நாளுக்க தடம் போடுகேன்.”

போட்டேன். வட்டங்கள் சுருங்கி அதே இடத்தில் போய் நின்றன. இன்னொரு வருஷத்தைப் போட்டேன். அதே இடம். ஒவ்வொரு தடவை அது சரியாக வந்தபோதும் அவர் முகம் இன்னும் இறுகியது. நான் அழுதுகொண்டே போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, பாரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று விசாரிக்க, கோவிலில் ஊர்க்கூட்டம் கூட்டியிருந்தார்கள். சூசை அண்ணன் பேரோடு என் பேரையும் சொல்லப் போனார்.